கிணற்றடியில் யாரும் விழவில்லை

ஆரணி
12.3.1981

தேவகிக்கு,

ஜெயவேல் எழுதுவது. நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டேன். புருஷனை விட்டுட்டு அண்ணன் வீட்டிலே போய் உக்காந்தவ நல்லாத்தான் இருப்பா.

நீ தேசூருக்குப் போய் ஒரு மாசம் ஆச்சுன்னு அக்கா சொல்றா. எனக்கு நேத்து போன மாதிரி இருக்குது. அபிதா கிணத்தடியிலே வழுக்கி விழுந்தா. புருவத்திலே தையல் போட்டாங்க. அதுக்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? ஏழு வயசுப் பிள்ளை விழத்தான் விழும். அந்தப் பாசி பிடிச்ச கல்லைத் தேய்ச்சுக் கழுவுன்னு எத்தினி வாட்டி சொன்னேன். நீ காதிலே போட்டுக்கலை. தப்பு உன்னுது, கோவம் என் மேலயா?

போன வாரம் உன் அண்ணன் சின்னதுரை இங்கே வந்தாரு. அக்கா மீன் குழம்பு வச்சா. ரெண்டு வாட்டி கேட்டு வாங்கி சாப்பிட்டாரு. "கவலைப்படாதே மாப்பிள்ளை, நானே கொண்டாந்து விட்டுடறேன்"னு சொல்லிட்டுப் போனாரு. இன்னும் ஆளைக் காணோம்.

நான் சும்மா இல்லை. நெய்துகினுதான் இருக்கேன். கை பழையபடி ஓடுது. தெருவிலே எல்லாரும் என்னைப் பார்த்து "மாறிட்டே, மாறிட்டே"ன்றாங்க. என்னா மாறிச்சு? கண்ணாடியிலே பார்த்தேன். தலையிலே தழும்பு இருக்குது, அதையும் முடி மூடிக்கிச்சு. மத்தபடி அதே மூஞ்சிதான்.

ஜல்தியா வந்து சேரு. அக்கா சமையல் வாயிலே வைக்க முடியலை.

ஜெயவேல்


தேசூர்
19.3.1981

அபிதாவின் அப்பாவுக்கு,

உங்க லெட்டர் வந்தது. நாலு வாட்டி படிச்சேன். பதிலே எழுத வேணாம்னுதான் இருந்தேன். ராத்திரி பூரா மனசு அடிச்சுகினே இருந்தது, அதனாலே எழுதறேன்.

என் அண்ணன் ஆரணிக்கு வரவே இல்லைங்க. போன வாரம் முழுக்க அவர் கோரை அறுக்கப் போயிருந்தார். மீன் குழம்பும் சாப்பிடலை, கொண்டாந்து விடறேன்னும் சொல்லலை. நீங்க வேணும்னு பொய் சொல்றீங்கன்னு நான் நினைக்கலை. வேலூர் டாக்டர் என்னைத் தனியா உக்கார வச்சு சொன்னார். "ஞாபகத்திலே ஓட்டை விழுந்த இடத்தை அவர் மூளை தானாவே ஒரு கதையை வச்சு அடைச்சிக்கும்மா. அவருக்கு அது நிஜமா நடந்ததுதான். சண்டை போடாதீங்க." ஒன்றரை வருஷம் நான் சண்டை போடாமத்தான் இருந்தேன்.

ஆனா இதை மட்டும் விட முடியாது. கிணத்தடியிலே யாரும் விழலை.

பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை. நீங்க தறியிலே இருந்தீங்க. அபிதா பக்கத்திலே வந்து நூல் சுத்தின தார் ஒண்ணை எடுத்து, "இது என்னா கலருப்பா"ன்னு கேட்டா. அவ்வளவுதான் அவ செஞ்சது. நீங்க கையிலே ஓட்டிகினு இருந்த நாடாவை, இழைக்குள்ளே நூல் ஓட்டற அந்த மரக்கட்டையை, அப்படியே அவ மூஞ்சிலே எறிஞ்சீங்க. நாடா முனையிலே இரும்பு இருக்குதே, அது புருவத்தைக் கிழிச்சிடுச்சு. ஒரு விரல் கீழே பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்னு கம்பவுண்டர் சொன்னார். நான் ரத்தத்தோட குழந்தையைத் தூக்கிகினு வாசல்லே இறங்கறப்போ திரும்பிப் பார்த்தேன். நீங்க வேற நாடா எடுத்து மறுபடியும் நெய்ய ஆரம்பிச்சிருந்தீங்க. எறிஞ்சதைக்கூட மன்னிப்பேன். அதை என்னாலே மறக்க முடியலை.

என்னா மாறிச்சுன்னு கேக்கறீங்க. எழுபத்தொம்பது ஆவணியிலே, தறியிலே உக்காந்திருந்தவர், "தேவகி, தலைக்குள்ளே யாரோ சுத்தியாலே அடிச்ச மாதிரி இருக்குது"ன்னு சொல்லிட்டு வாந்தி எடுத்து அப்படியே சாய்ஞ்சீங்க. வேலூருக்குத் தூக்கிகினு போனோம். மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஒண்ணு பலூன் மாதிரி வீங்கி வெடிச்சிடுச்சு, மண்டையைத் திறந்து அந்த வீக்கத்தோட கழுத்திலே கிளிப் போடணும்னாங்க. பிழைக்கலாம், பிழைக்காமப் போகலாம், பிழைச்சாலும் பழைய மனுஷனா இருப்பாருன்னு சொல்ல முடியாதுன்னாங்க. ஒரு பேப்பரை நீட்டினாங்க. நான் கையெழுத்துப் போட்டேன்.

நாப்பத்தோரு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தவர் யாருன்னு எனக்கு இன்னும் தெரியலை. என் புருஷன் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாக்கூட தறியை நிறுத்திட்டு எட்டிப் பார்ப்பார். நீங்க அடுத்த வீட்டு சிவப்பிரகாசம் அண்ணன் அப்பா செத்து பொணம் தூக்கறப்போ வாய்விட்டு சிரிச்சீங்க. சோறு கருகி வீடெல்லாம் புகை, நீங்க அடுப்புகிட்டயே உக்காந்து பேசிகினு இருந்தீங்க. வாசனையே தெரியலைன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. இதெல்லாம் வியாதின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் குழந்தையை அந்த வீட்டிலே எப்படி வச்சிருப்பேன், நீங்களே சொல்லுங்க.

இங்கே பாய் முடைஞ்சு சாப்பிடறேன். அண்ணன் பொண்டாட்டி மூஞ்சி கொடுத்துப் பேசறதில்லை. நான் நல்லா இல்லை. நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்றேன்.

தேவகி


ஆரணி
2.4.1981

ஏய்,

பொய்க்காரி. பெத்த பிள்ளையை நான் எறிஞ்சேனா? என் கண்ணாலே பார்த்தேன் அவ விழுந்ததை. நான்தான் தூக்கினேன். என் சட்டை எல்லாம் ரத்தம். நீ எங்கே இருந்தே? உன் அண்ணன் சொல்லிக்கொடுத்து எழுத வைக்கிறான். எனக்குப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லி வேற எவனையாவது கட்டிக்கப் பார்க்கறியா?

அக்காவும் அதையேதான் சொல்றா.

வந்து தலைமயிரைப் பிடிச்சு இஸ்துகினு வரேன் பாரு.


ஆரணி
20.4.1981

தேவகிக்கு,

முன்னாடி ஒரு லெட்டர் போட்டேனாமே. அக்கா சொன்னா. என்னா எழுதினேன்னு தெரியலை. கெட்டதா ஏதாவது இருந்தா கிழிச்சுப் போட்டுடு.

நீ எழுதினது என் தலையணைக்கு அடியிலே இருந்தது. படிச்சேன். கோவம் வந்தது. கோவத்தோட கிணத்தடிக்குப் போனேன். அந்தப் பாசிக் கல்லை நானே தேய்ச்சுக் கழுவிடலாம், அப்புறம் உனக்கு ஒரு சாக்கும் இருக்காதுன்னு தேங்கா நாரும் சாம்பலும் எடுத்துகினு போனேன். அங்கே கல்லே இல்லை தேவகி. சிமெண்ட் தரை. அக்காவைக் கேட்டேன். "நீதானேடா மூணு வருஷத்துக்கு முன்னாடி கல்லை எல்லாம் பேத்துட்டு சிமெண்ட் போட்டே"ன்னா.

கொண்டு போன நாரையும் சாம்பலையும் அங்கேயே போட்டுட்டேன்.

அப்புறம் சிவப்பிரகாசம் வீட்டுக்குப் போனேன். "நெசத்தைச் சொல்லு. என் பொண்ணு எப்படி அடிபட்டா?" அவன் தறியிலே பாவு நூல்லே அறுந்த இழையை முடிஞ்சுகினு இருந்தான். தலையைத் தூக்கலை. "சொன்னா கத்துவே. போன வாட்டி சொன்னப்போ கழுத்தைப் பிடிச்சே." "கத்த மாட்டேன், சொல்லு." "நீதான் எறிஞ்சே, ஜெயவேலு. சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் நெய்துகினு இருந்தேன். குழந்தை கத்தின கத்திலே ஓடியாந்தேன். உன் பொண்டாட்டி தூக்கிகினு ஓடினா. உன்னைப் பிடிச்சு உலுக்கினேன். நீ, 'நகரு, இன்னும் ஒரு முழம் பாக்கி இருக்குது'ன்னே."

நான் கத்தலை. சத்தியமா கத்தலை.

எனக்கு அந்த நாடா ஞாபகமே இல்லை. ஆனா கிணத்தடி ஞாபகம் இருக்குது. அவ வழுக்கினது, நான் தூக்கினது, என் தோள்ளே அவ மூஞ்சியைப் புதைச்சது, எல்லாம் இருக்குது. நடக்காத ஒண்ணு எப்படி இவ்வளவு தெளிவா இருக்க முடியும்? அப்படின்னா வேற எதெல்லாம் நடக்கலை? நம்ம கல்யாணமாவது நடந்ததா? நீ எழுது. நீ எழுதினா நம்பறேன்.

ஒரு நோட்டு வாங்கியிருக்கேன். முதல் பக்கத்திலே எழுதிட்டேன். "8.2.81. நான் அபிதா மேலே நாடா எறிஞ்சேன். அவ கிணத்தடியிலே விழலை." காலையிலே எழுந்ததும் அதைப் படிக்கச் சொல்லி அக்காகிட்ட சொல்லியிருக்கேன். படிக்கறப்போ எல்லாம் முதல் வாட்டி கேக்கற மாதிரி இருக்குது. இன்னைக்கு மூணு வாட்டி படிச்சேன்.

அபிதாகிட்ட என்னா சொல்றதுன்னு தெரியலை. நீயே ஏதாவது சொல்லு.

ஜெயவேல்


தேசூர்
28.4.1981

அபிதாவின் அப்பாவுக்கு,

கல்யாணம் நடந்ததுங்க. எழுபத்திரெண்டு வைகாசியிலே, இதே தேசூர்லே. தாலி கட்டின கொஞ்ச நேரத்திலே மழையும் காத்தும் வந்து பந்தல் சரிஞ்சது. மாப்பிள்ளைன்னும் பார்க்காம வேட்டியை மடிச்சுக் கட்டிகினு நீங்களே ஒரு பந்தக்காலைப் பிடிச்சுகினு நின்னீங்க. "பொண்ணு நனையுது, யாராவது ஒரு குடை கொண்டாங்கப்பா"ன்னு கத்தினீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. இது நடந்தது. வேணும்னா அந்த நோட்டிலே எழுதிக்குங்க.

உங்க லெட்டரைப் படிச்சுட்டு புழக்கடைக்குப் போய் அழுதேன். ரொம்ப நாள் கழிச்சு என் புருஷன் எழுதின மாதிரி இருந்தது.

அபிதா பள்ளிக்கூடம் போறா. தையல் பிரிச்சாச்சு. கட்டை மேலே கட்டை மோதற சத்தம் கேட்டா மட்டும் கையாலே மூஞ்சியை மூடிக்கறா. அண்ணி உரல்லே உலக்கையை வச்சாக்கூட மூடிக்கறா. நீங்க எழுதினதை அவகிட்ட சொன்னேன். "அப்பாவுக்கு இன்னும் கோவமா?"ன்னு கேட்டா. இல்லைன்னேன். "அப்போ எதுக்கு வரலை?"ன்னா.

யோசிச்சுப் பார்த்தேன். ஜூன்லே பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி நாங்க வந்துடறோம். ரெண்டே ரெண்டு கேக்கறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுத்த வலிப்பு மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது. கோவம் வந்தா தறியை விட்டு எழுந்து தெருவுக்குப் போயிடணும், யார் இருந்தாலும் சரி. இதை ரெண்டாம் பக்கத்திலே எழுதுங்க.

உங்க அக்கா என்னைப் பத்தி என்ன நினைச்சாலும் பரவாயில்லை, உங்களுக்கு வேளைக்கு சோறு போடறாங்க. அவங்களுக்கு என் நமஸ்காரம்.

தேவகி


ஆரணி
3.6.1981

தேவகிக்கு,

ஜெயவேல் எழுதுவது. நான் நல்லா இருக்கேன். நீ தேசூருக்குப் போய் நாலு மாசம் ஆச்சாம். குழந்தை கிணத்தடியிலே வழுக்கி விழுந்ததுக்கு ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? அந்தப் பாசி பிடிச்ச கல்லைத் தேய்ச்சுக் கழுவுன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன். தப்பு உன்னுது.

எனக்கு எழுத வேணும்னுகூட உனக்குத் தோணலையா? கட்டின புருஷன் மண்டையைத் திறந்து படுத்துக் கிடந்தவன், செத்தானா இருக்கானான்னு ஒரு வரி எழுதக் கூடாதா? ஒரு லெட்டர்கூட வரலை.

ஜெயவேல்


தேசூர்
10.6.1981

அபிதாவின் அப்பாவுக்கு,

இன்னைக்குக் காலையிலே பெட்டியைக் கட்டி வாசல்லே வச்சிருந்தேன். ஒன்பது மணி பஸ்லே சேத்துப்பட்டு போய், அங்கே மாறி மத்தியானத்துக்குள்ளே வந்து சேர்றதா இருந்தோம். அபிதா ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டி, "அப்பா என்னைப் பார்த்தா என்னா சொல்வாரு?"ன்னு கேட்டுகினே இருந்தா. அப்போ போஸ்ட்மேன் உங்க லெட்டரைக் கொடுத்தார்.

படிச்சுட்டு பெட்டியை உள்ளே எடுத்துகினு போயிட்டேன். குழந்தைகிட்ட பஸ் வரலைன்னு சொன்னேன். பஸ் போறதை அவளே பார்த்தா.

ஏப்ரல்லே நீங்க உங்க கையாலே எழுதின லெட்டரை இந்தக் கவர்லே வச்சிருக்கேன். அது ஒண்ணைத்தான் நான் முந்தானையிலே முடிஞ்சு வச்சிருந்தேன். நான் சொன்னா பொய்க்காரி. உங்க கையெழுத்தாவது உங்ககிட்ட பேசட்டும்.

என்னாலே முடியலைங்க. நான் கல்லு இல்லை. ஒரு வாட்டி சொல்லி, நீங்க கேட்டு, நீங்க அழுது, நானும் அழுது ஒரு முடிவுக்கு வந்தா, மறுபடியும் முதல்லேருந்து. எத்தனை வாட்டி அந்த நாடா என் குழந்தை மூஞ்சிலே படணும்? நீங்க மறந்துட்டு நிம்மதியா இருக்கீங்க. உங்களுக்கும் சேர்த்து நான் ஞாபகம் வச்சுகினு இருக்கேன்.

ஒண்ணு சொல்றேன். எழுதக்கூடாது, ஆனா எழுதறேன். அன்னைக்கு வேலூர்லே அந்தப் பேப்பர்லே கையெழுத்துப் போடாம இருந்திருந்தா, செத்துப்போன புருஷனை நினைச்சு நான் அழுதுகினு இருந்திருப்பேன். அவரோட நல்ல குணத்தைக் குழந்தைக்கு சொல்லிகினு இருந்திருப்பேன். இப்போ அழறதுக்கும் வழியில்லை, பொணமும் இல்லை, புருஷனும் இல்லை.

இனிமே எனக்கு எழுதாதீங்க.

தேவகி


ஆரணி
24.6.1981

தேவகி,

எழுதாதேன்னு சொல்லியிருக்கே. தெரியும். இது ஒண்ணு மட்டும்.

என் கையெழுத்து பேசிச்சு. அது நான் எழுதினதுதான். அந்த 'ழ'வைச் சுழிக்கிறது என்னைத் தவிர யாருக்கும் வராது. நோட்டைத் தேடினேன். முதல் ரெண்டு பக்கமும் கிழிஞ்சிருந்தது. "நீதான்டா கிழிச்சு அடுப்பிலே போட்டே. மே மாசம் வலிப்பு வந்து எழுந்தப்புறம் ரெண்டு நாள் ஆடினே பாரு ஆட்டம், அப்போதான்"னு அக்கா சொன்னா. சொல்லிட்டு ஜாக்கெட் கையை மேலே ஏத்திக் காட்டினா. முழங்கைக்கு மேலே பச்சையும் கருப்புமா இருந்தது. போன வாரம் நான் செஞ்சதுதானாம். இத்தனை நாளா என் பக்கம் பேசினவ. "இதை நான் தேவகிகிட்ட சொல்லலைடா, உனக்கு அவமானம்னு"ன்னா. எனக்காகப் பொய் சொல்லிகினு, என்கிட்டயே அடி வாங்கிகினு இருந்திருக்கா.

திங்கக்கிழமை ஏரிக்கரைக்குப் போனேன். வெயில் சுள்ளுன்னு அடிச்சது. தண்ணியிலே முட்டி வரைக்கும் இறங்கி நின்னேன். ஏன் நிக்கறேன்னு தெரியலை. துணி துவைக்கவா வந்தேன்? கையிலே துணி இல்லை. மாடு ஓட்டிகினு வந்த ஒருத்தர், "என்னா தேடறே தம்பி?"ன்னார். "தெரியலீங்க"ன்னேன். "அப்போ மேலே ஏறி வா"ன்னார். ஏறி வந்துட்டேன். வர்ற வழியிலே டீ குடிச்சேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தா, புதுசா ஒரு பக்கம் எழுதியிருந்தது. "தேவகிக்கும் அபிதாவுக்கும் அக்காவுக்கும் இனிமே பேஜார் வேணாம். ஏரிக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்." என் கையெழுத்துதான். மை இன்னும் பளபளன்னு இருந்தது.

சாகப் போனதைக்கூட மறந்துட்டேன் தேவகி.

நீ கையெழுத்துப் போட்டது தப்புன்னு எழுதியிருக்கே. அதுக்கு எனக்குக் கோவம் வரலை. நானும் அதையேதான் நினைக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். உள்ளே நான் இருக்கேன். எல்லாரும் நான் போயிட்டேன், வேற ஆள் வந்திருக்கான்னு பேசறீங்க. நான் போகலை. இங்கேதான் இருக்கேன். கை தூக்கறப்போ தடுக்கறவன் மட்டும்தான் போயிட்டான். எனக்கு பயமா இருக்குது. எந்த நேரம் என்னா செய்வேன்னு எனக்கே தெரியலை. செஞ்சப்புறமும் தெரியாது.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கலை. கிழிச்சா மறுபடி போவேனோ, படிச்சா மறுபடி போவேனோன்னு ரெண்டுக்கும் பயம்.

ஜெயவேல்


தேசூர்
26.6.1981

அபிதாவின் அப்பாவுக்கு,

இதை அண்ணன் கையிலே கொடுத்தனுப்பறேன். இதைப் படிக்கறப்போ அண்ணன் உங்க எதிர்லே நிக்கறார். நிஜமாவே நிக்கறார். தொட்டுப் பாருங்க.

அந்த நோட்டை அண்ணன்கிட்ட கொடுத்துடுங்க. நான் வர்ற வரைக்கும் தனியா இருக்காதீங்க. சிவப்பிரகாசம் அண்ணன்கிட்டயும் சொல்லச் சொல்லியிருக்கேன். வெளியே போனா யாராவது ஒருத்தர் கூட வரணும். உங்க அக்காவுக்கும் ஓய்வு வேணும், பாவம்.

அபிதாவுக்கு ஜுரம். குறைஞ்சதும் நாளைக்கோ நாளன்னைக்கோ புறப்பட்டு வந்துடறேன்.

போன லெட்டர்லே நான் எழுதினதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. இல்லை, கிழிக்க வேணாம். நான் அப்படி நினைச்சது நிஜம். உங்க லெட்டரைப் படிச்சதும் வாசல்லே உக்காந்து, கடவுளே இந்த மனுஷன் இருக்கணும்னு அழுததும் நிஜம். ரெண்டும் என்கிட்டயே இருக்குது. என்னா செய்யறதுன்னு எனக்குத் தெரியலை.

இருங்க. வேற எதுவும் இப்போ கேக்கலை. இருங்க.

தேவகி


கொசப்பாளையம், ஆரணி
11.10.1981

அபிதாவின் அப்பாவுக்கு,

ரெண்டு தெரு தள்ளி இருந்துகினு லெட்டர் எழுதறாளேன்னு உங்க அக்கா சிரிப்பாங்க. நேர்லே சொன்னா உங்களுக்கு நிக்கறதில்லை. காகிதத்திலே இருந்தா எப்போ வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம். அதனாலே நடந்ததை எல்லாம் வரிசையா எழுதறேன்.

ஜூன் கடைசியிலே நானும் அபிதாவும் வந்தோம். பன்னிரெண்டு நாள் நம்ம வீட்டிலேயே இருந்தோம். பதினொரு நாள் நல்லா இருந்தீங்க. பன்னிரெண்டாம் நாள் சாயங்காலம், ரசத்திலே உப்பு இல்லைன்னு கொதிக்கிற பாத்திரத்தைக் கையிலே எடுத்தீங்க. அபிதா என் பின்னாடி இருந்தா. உங்க அக்கா குறுக்கே வந்து பிடுங்கிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அன்னைக்கே நாங்க கிளம்பினோம். ஆனா இந்த வாட்டி தேசூருக்குப் போகலை. இங்கேயே ஒரு அறை எடுத்துகினோம். நீங்க மறுநாள் முழுக்க வாசல்லே உக்காந்து, நாங்க இன்னும் தேசூர்லேருந்து வரலைன்னு அக்காகிட்ட சொல்லிகினு இருந்தீங்களாம்.

ஆகஸ்ட்லே வேலூருக்குப் போனோம். டாக்டர் நல்ல மனுஷர். உங்களை வச்சுகினேதான் பேசினார். "ரெண்டு வருஷம் ஆச்சு. திரும்பி வர வேண்டியது வந்துடுச்சு. இதுக்கு மேலே பெரிசா வராது. கிளிப் நல்லா இருக்குது, உயிருக்கு பயமில்லை. கோவமும் மறதியும் கூடவே இருக்கும். ஆளும் சத்தமும் கம்மியா இருந்தா கோவம் குறையும்"னார். நீங்க, "பழையபடி ஆவேனா டாக்டர்?"னு கேட்டீங்க. "ஆக மாட்டீங்க"ன்னார்.

திரும்பி வர்றப்போ பஸ்லே, "டாக்டர் என்னா சொன்னாரு தேவகி?"ன்னு கேட்டீங்க. சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டீங்க. மறுபடி சொன்னேன். மறுபடி அழுதீங்க. ஏழு வாட்டி. ஒவ்வொரு வாட்டியும் அப்போதான் கேக்கற மாதிரி உங்க மூஞ்சி சுருங்கிப் போச்சு. பஸ்லே எல்லாரும் பார்த்தாங்க. கண்ணமங்கலத்திலே பஸ் நின்னப்போ எட்டாவது வாட்டி கேட்டீங்க. "நல்லா ஆயிடும்னு சொன்னார்"னேன். அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. இறங்கிப் போய் எனக்கு ஒரு முழம் கதம்பம் வாங்கிகினு வந்தீங்க. அந்தப் பூவைத் தலையிலே வச்சுகினு ஆரணி வரைக்கும் எப்படி உக்காந்து வந்தேன்னு எனக்குத்தான் தெரியும்.

அது பொய்ங்க. உங்ககிட்ட நான் சொன்ன ஒரே பொய். நேர்லே நிஜத்தைச் சொல்ல இனிமே எனக்கு தைரியம் இல்லை. அதனாலே காகிதத்திலே எழுதறேன். நீங்க பழையபடி ஆக மாட்டீங்க. உங்க மேலே தப்பு இல்லை. இந்த வரியைப் படிச்சு அழுதா அழுங்க. அப்புறம் அடுத்த வரியைப் படிங்க.

நான் விட்டுட்டுப் போகலை.

ரொம்ப நாள் பழையவர் வருவார், வருவார்னு காத்துகினு இருந்தேன். உங்களைப் பார்க்கறப்போ எல்லாம் அவரைத்தான் தேடினேன். உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பார்க்கலை. உள்ளே நான் இருக்கேன்னு எழுதினீங்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த ஊர்லே இருக்கேன். எத்தனை நாள் தாங்குவேன்னு கேட்டா தெரியலை. சத்தியம் எதுவும் பண்ண மாட்டேன்.

இனிமே இப்படித்தான். காலையிலே அபிதாவைப் பள்ளிக்கூடத்திலே விட்டுட்டு வருவேன். பகல்லே நம்ம வீட்டுத் தறியிலே ரெண்டு பேரும் நெய்வோம். உங்க கை ஒண்ணும் மறக்கலை. ஜரிகைக் கரையிலே எத்தனை இழைன்னு மட்டும் நான் சொல்லிகினே இருக்கேன். பள்ளிக்கூடம் விடறதுக்கு முன்னாடி நான் கிளம்பிடுவேன். ராத்திரி அந்த வீட்டிலே நாங்க இருக்க மாட்டோம். ஞாயித்துக்கிழமை அபிதா உங்களைப் பார்க்க வருவா. தறிகிட்ட வர மாட்டா, வாசல்லே உக்காருவா, பக்கத்திலே நான் இருப்பேன். நீங்க அவளைத் தொடணும்னா, முதல்லே அவளைக் கேக்கணும். அவ சரின்னா தொடலாம். இதெல்லாம் உங்களுக்கு எவ்வளவு வலிக்கும்னு தெரிஞ்சேதான் எழுதறேன். மாத்த முடியாது.

நாளைக்கு திங்கக்கிழமை. புதுப் பாவு ஏத்தணும். ஒன்பது மணிக்கு வரேன்.

தேவகி


ஆரணி
12.10.1981

தேவகிக்கு,

நீ எழுதினது கிடைச்சது. காலையிலே எழுந்ததும் அக்கா கையிலே கொடுத்தா. அழுதேன். அப்புறம் அடுத்த வரியைப் படிச்சேன். மறுபடி மேலேருந்து படிச்சேன். மறுபடி அழுதேன். எத்தனை வாட்டின்னு எண்ணலை. "போதும்டா, கஞ்சி ஆறிப்போகுது"ன்னு அக்கா சொன்னதும் நிறுத்தினேன்.

நீ சொன்னது எல்லாத்துக்கும் சரி. அபிதாகிட்ட கேட்டுத்தான் தொடுவேன். வேணாம்னு சொன்னா கையைப் பின்னாடி கட்டிக்கிறேன்.

ஒண்ணே ஒண்ணு. கண்ணமங்கலத்திலே பூ வாங்கினது எனக்கு ஞாபகம் இல்லை. அதை நீ எழுதினதுக்கு அப்புறம், ஞாபகம் இருக்கற மாதிரி இருக்குது. நெசமா, என் தலை கட்டிகினதான்னு தெரியலை. எதுவா இருந்தாலும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

மணி ஏழரை. தறியைத் துடைச்சு, புதுப் பாவை எடுத்து வச்சிருக்கேன். நீ வந்ததும் இந்த லெட்டரை உன் கையிலே கொடுக்கணும்னு இருக்கேன். கொடுக்க மறந்துடுவேன். சட்டைப் பையிலேதான் இருக்கும். நீயே எடுத்துக்கோ.

ஜெயவேல்